மணப்பெண்ணின் செங்கை

நாம் மருதாணி என்றழைக்கும் செடியே வடநாட்டில் மெஹந்தி எனப்படுவது. இராஜஸ்தானத்துச் சோஜத் நகரின் சுற்றுப்புறத்தில் விளைவது பெயர் பெற்றது. 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது. திருமணத்திற்கு முன் மணப்பெண்ணின் கைகால்களில் இதனைக் கொண்டு சித்திரம் எழுதுவதற்கென்றே அங்கு ஒரு சடங்கு உண்டு. கொடிகளுக்கும் மயில்களுக்கும் நடுவே மணமகன் பெயரை ஒளித்துவைத்து, அவனையே தேடச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இலையிலுள்ள 'லாசோன்' என்னும் சாயப்பொருள் தோலின் புரதத்தோடு பிணைகிறது. முதலில் தோன்றுவது கிச்சிலிப்பழ நிறம். ஓரிரு நாளில் அதுவே செம்பழுப்பாகிறது. உள்ளங்கைத் தோல் தடித்தது ஆதலின், அங்கே நிறம் ஆழ்ந்து பற்றும்.

நிறம் எத்துணை ஆழமோ மாமியாரின் அன்பும் அத்துணை என்பது அங்குள்ள நம்பிக்கை. அது மாமியாரைப் பொறுத்தது என்றே நாம் கருதுகிறோம்! ஆயினும் இவ்வாசையால் தீங்கு நேர்வதுண்டு. விரைவில் கருமை தரும் 'கருப்பு மெஹந்தி' பலவற்றில், தலைமயிர்ச் சாயத்திற்குரிய பாராஃபினைலின்டயமின் என்னும் இரசாயனம் கலந்திருக்கும். அதனால் சிலருக்குக் கொப்புளமும் நீங்காத் தழும்பும் உண்டாகும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னாளில் தலைச்சாயமும் ஒவ்வாது. தூய மருதாணி ஒரு மணி நேரத்தில் கருப்பதில்லை. மணநாளுக்கு இரண்டு நாள் முன்னரே இட்டுக்கொண்டால், முகூர்த்த வேளையில் அது தானே முதிர்ந்து சிவந்திருக்கும்.