வயலுக்கு என்ன வர்ணம்?

புதுவையிலிருந்து வில்லியனூர் வழியே விழுப்புரம் செல்லும் சாலையிலும், கடலூர்ச் சாலையிலிருந்து பாகூருக்குத் திரும்பும் வழியிலும் பிரயாணம் செய்கிறவர்கள், நெல் விளைந்த நஞ்சையின் நடுவே மண் கொட்டி மேடாக்கிய மனைகளையும், வரிசையாக நட்ட எல்லைக் கற்களையும் கண்டு, 'இதற்கு யார் அனுமதி தந்தார்கள்?' என்று ஒருமுறையேனும் எண்ணாமல் இரார். அதற்கு விடை நில உபயோக விதிகளில் இருக்கிறது. அவ்விதிகளைத் திருத்துவது பொறியாளர்கள் தமக்குள் முடித்துக்கொள்ளும் காரியம் என்று கிராமத்தார் ஒதுங்கி நிற்பதுதான் பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு பிரதேசத்தை மண்டலங்கள் எனப்படும் கூறுகளாகப் பிரித்து, இது குடியிருப்பு, இது வாணிபம், இது தொழில், இது விவசாயம் என்று வரைபடத்தில் வர்ணமிட்டு, அந்தந்தக் கூற்றில் எதைக் கட்டலாம், எத்தனை உயரம் எழுப்பலாம், சாலையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டவேண்டும் என்று நிர்ணயிப்பதே இவ்விதிகளின் சாரம். நியூயார்க் நகரம் 1916இல் இதைச் சட்டமாக்கியது; நிலத்துக்குரியவனின் சுதந்தரத்தில் சர்க்கார் இவ்வளவு தலையிடலாமா என்ற வழக்கில், ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்ற சிற்றூரின் பக்கமே நியாயம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. சென்னை மாகாணத்தில் 1920இலேயே நகரமைப்புச் சட்டம் பிறந்தது; ஆனால் அப்போது பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுவையை அது கட்டுப்படுத்தவில்லை. இந்தியாவோடு இணைந்த பின்னரே 1969ஆம் ஆண்டின் நகர, கிராம அமைப்புச் சட்டமும், அதன்கீழ்க் கட்டட, மண்டல விதிகளும் வந்தன. இவ்விதிகள் 2012இல் புதிதாக வகுக்கப்பட்டன. இவற்றோடு, 2036ஆம் ஆண்டை நோக்கிய வளர்ச்சித் திட்டமும் உண்டு.

சட்டத்தின் பெயரில் கிராமம் இருந்தாலும், மண்டலம் வகுக்கும் முறை நகரத்துக் கண்ணால் கண்ட முறையாகும். வசிப்பது ஓரிடம், தொழில் செய்வது வேறிடம் என்பது அதன் அடிப்படை எண்ணம். வில்லியனூரின் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே வீட்டுத் திண்ணையில் பொம்மை உருவாகி, கொல்லையில் சூளை எரிந்து, வாசலிலேயே விற்பனையும் நடக்குமானால், அந்த மனையைக் குடியிருப்பு என்பதா, தொழிற்கூடம் என்பதா, கடை என்பதா? மாட்டுத் தொழுவத்துக்கும் நெற்களத்துக்கும் இதே சங்கடந்தான்.

இதைவிடக் கடுமையானது நீரின் விஷயம். புதுவைப் பிரதேசத்தில் 84 ஏரிகள் உண்டு. சங்கராபரணி ஆற்று நீர் வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்கு வருகிறது. தென்பெண்ணை ஆற்றின் நீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் ஏரிக்கு ஒரு காவல் கிடைத்தது. வரத்து வாய்க்காலும், மடை திறந்தால் நீர் பாயும் ஆயக்கட்டும், உபரி நீர் வடியும் பள்ளமும் அதே காவலைப் பெறவில்லை. வயலை மேடாக்கி மனையாக்குகிறவர் தம் நிலத்தைத்தானே மேடாக்குகிறார் என்று தோன்றும். வடிய வழியில்லாத மழைநீர் அடுத்த வயலில் நிற்கும்போதுதான் அது ஊர்க் காரியம் என்று விளங்கும். வயல் ஊர்க் காரியம் என்பது புதிய எண்ணமும் அல்ல: ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்ததைச் சொல்கிறது. ஊரின் விளைச்சலே கல்விச்சாலையைத் தாங்கிய காலம் அது.

புதுவையின் பூகோளமும் ஒரு விசித்திரம். ஒட்டுப்போட்ட துணியைப்போல் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டோடு கலந்து கிடப்பதால், ஒரு வரப்பைத் தாண்டினால் சட்டமே மாறுகிறது. அப்பால் செல்லுபடியாவது தமிழ்நாட்டின் 1971ஆம் ஆண்டுச் சட்டம். நீரோ இந்த எல்லைகளை அறியாது. ஆகவே, விதிகளைத் திருத்துகிறவர்கள் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு கலந்து பேசாமல் வரையும் வரைபடம் பாதி வரைபடமே.

அனுமதியின்றிப் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்தப் புதுவையில் 2017இல் ஒரு திட்டம் வந்தது. சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கிய ஏழையை நிர்க்கதியாக விடலாகாது என்பது நியாயமே. ஆயினும், கட்டணம் செலுத்தினால் மன்னிப்பு உண்டு என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டால், பிறகு எத்தனை திருத்தம் செய்தாலும் விதி ஏட்டில்தான் இருக்கும்.

இனி, கிராமத்துக்காகப் பேசுகிறவர் யார்? பிரெஞ்சு ஆட்சி 1880இல் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சிப் பிரிவுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளைத் தந்தது. அந்தப் பெயர் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகளில் நிலைத்திருக்கிறது. ஆனால் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் முடிந்தபின் மீண்டும் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லாமலே போயிற்று. பிரதிநிதி இல்லாத ஊரில் ஒவ்வொரு பிரஜையும் தானே பேசியாக வேண்டும்.

வளர்ச்சித் திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைக் கேட்பது முறை. அந்தத் தவணை குறுகியது, அது கடந்தபின் எழுதும் மனுவுக்குப் பலம் மிகக் குறைவு. ஆகவே, அடுத்த வரைவு வரும்போது, உங்கள் நிலத்தின் ஆர்.எஸ். (மறு நில அளவை) எண்ணை வரைபடத்தில் தேடுங்கள். பக்கத்து வாய்க்காலுக்கு என்ன வர்ணம் பூசியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தவறிருந்தால், ஊரார் பலர் கையொப்பமிட்டு, தவணைக்குள் எழுத்திலே ஆட்சேபம் கொடுத்து, அதற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.