டாப்சிலிப்புக்கு முன் பள்ளி மைதானம்

டாப்சிலிப் போகிறோம் என்றதுமே வகுப்பில் எழும் முதல் கேள்வி, "சார், புலி வருமா?" நாற்பது பிள்ளைகள் பேசிக்கொண்டு நடக்கிற பாதையில் புலி தலைகாட்டுவது அபூர்வம். அந்த ஆசையை ஊரிலேயே இறக்கிவைத்துவிட்டு, வேறொரு கேள்வியோடு பஸ் ஏறுவது நல்லது.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் உள்ள இந்த இடம் அதற்கு வாகானது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் ஆங்கிலேயர் தேக்கு வெட்டி, மேட்டிலிருந்து சரியவிட்ட இடம் இது. மொட்டையான சரிவுகளில் தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. 1933இல் இறந்த அவரது கல்லறை அங்கேயே இருக்கிறது. அருகில் கரியன் சோலை, பசுமைமாறாக் காடு. பார்வைக்கு இரண்டுமே காடுதான். ஒன்று மனிதர் வளர்த்தது, மற்றது தானே வளர்ந்தது. என்ன வித்தியாசம்? பிள்ளைகள் அளந்து கண்டுபிடிக்கட்டும்.

அளப்பதற்குப் பழக்கம் வேண்டும். நான்கு மீட்டர் கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு, நான்கு குச்சிகள்: ஒரு சதுர மீட்டர் கட்டம் தயார். மைதான ஓரத்தில் அதை விரித்து, உள்ளே எத்தனை வகைச் செடிகள் என்று எண்ணச் சொன்னால் ஒரு குழு ஐந்து என்னும், இன்னொரு குழு எட்டு என்னும். ஒரே செடியின் குருத்தையும் முற்றிய இலையையும் இரண்டாகக் கணக்கிட்டிருப்பார்கள். இந்தச் சண்டை பள்ளியிலேயே நடந்து முடிவது உத்தமம். பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை. 'செடி 1', 'செடி 2' என்று எழுதி, இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறியா என்று பார்த்துப் படம் வரைந்தால் போதும்.

மரத்தின் சுற்றளவை எடுப்பது தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம். சோலையில் சில மரங்களின் அடிவேர்கள் பலகைபோல் விரிந்திருக்கும். அங்கே வேருக்கு மேலே அளக்க வேண்டும். வெப்பமானி ஒன்றையும் மறக்கக் கூடாது. கோடையில் தேக்கு இலை உதிர்த்து நிற்கும்போது அதன் அடியிலும் சோலைக்குள்ளும் எடுத்த அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பாடப்புத்தகம் சொல்லாததை அந்த எண்கள் சொல்லும்.

வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். காட்டுத்தீ அபாயம் இருந்தால் பயணம் தள்ளிப்போகலாம். மழைக்காலம் என்றால் அட்டை உண்டு. கடித்த இடத்தில் ரத்தம் சற்று நேரம் நிற்காது, காரணம் அதன் எச்சிலில் உள்ள, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள், பயப்பட ஒன்றுமில்லை. பாம்புக்கடி அப்படியல்ல. கட்டுப் போடுவது, கீறுவது இரண்டும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்பதை ஆசிரியர் புறப்படுமுன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். இறகோ விதையோ, எதையும் எடுத்துவரக் கூடாது.

திரும்பி வந்ததும் நோட்டை மூடிவிட வேண்டாம். வளாகத்து மரம் ஒன்றை வாரம் ஒருமுறை கவனித்து, துளிர், பூ, காய் பற்றிய விவரத்தை 'சீசன்வாட்ச்' திட்டத்துக்குப் பிள்ளைகள் அனுப்பலாம். தனி ஆட்களும் பள்ளிகளும் அதில் சேர முடியும்.