வாசலுக்கு அச்சுக் கான்கிரீட்: முதலில் கணக்கு, பிறகு கலவை

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் கருங்கல் பதித்தது போலவும் செங்கல் அடுக்கியது போலவும் வாசல்களைப் பார்க்கிறோம். தொட்டுப் பார்த்தால்தான் கான்கிரீட் என்று தெரியும்! ஈரம் இருக்கும்போதே வண்ணப்பொடி தூவி, ரப்பர் அச்சை வைத்து அழுத்தி எடுப்பதுதான் இதன் ரகசியம். கலிபோர்னியாவில் 1950களில் பரவத் தொடங்கிய முறை இது.

எங்கள் வாசலுக்கும் இதைப் போட முடிவானபோது, கையில் இருந்தது சீட்டுப் பணம் மட்டுமே. ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுமுன் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

எங்களுக்குத் தேவைப்பட்டது 200 சதுர அடி. நடக்கவும் ஸ்கூட்டர் நிறுத்தவும் 4 அங்குல கனம் போதும். அதாவது சுமார் 67 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவைக்கு 16 மூட்டை சிமென்ட், 28 கன அடி எம்-சாண்ட், 56 கன அடி ஜல்லி பிடிக்கும். மூட்டை 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சிமென்டுக்கு மட்டும் 6,400 ரூபாய். 2025 செப்டம்பரில் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலையிலேயே யாராவது கணக்குக் கொடுத்தால் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்!

செலவை ஐந்து பங்காகப் பிரித்து எழுதினேன். பழைய தரையை உடைத்து அள்ளும் கூலி. மண்ணை இறுக்கி ஜல்லி பரப்புவது. கான்கிரீட்டும் கம்பி வலையும். வண்ணம், அச்சு, மேல்பூச்சு. கடைசியாக, எதிர்பாராததற்குப் பத்தில் ஒரு பங்கு. மூன்று பேரிடம் விலை கேட்டோம். "சதுர அடிக்கு இவ்வளவும்மா" என்று ஒற்றை வரியில் சொன்னவரிடம், "இதுல உடைக்கிற கூலி சேருமா? மேல்பூச்சு எத்தனை தரம்?" என்று கேட்டதும் தொகை ஏறிவிட்டது! எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, முன்பணம் கொஞ்சம், கான்கிரீட் போட்டதும் கொஞ்சம், மேல்பூச்சு முடிந்ததும் பாக்கி என்று பேசிக்கொண்டோம்.

பணத்தைவிட என்னை யோசிக்க வைத்தது தண்ணீர்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாட்டை யார் மறப்பார்கள்? முற்றம் முழுவதையும் மூடிவிட்டால் மழை எங்கே போகும்? தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. அதனால் மாமரத்தைச் சுற்றியும் மதில் ஓரமும் மண்ணாகவே விட்டோம். அடிக்குக் கால் அங்குலச் சரிவு கொடுத்து, தண்ணீர் சேகரிப்புக் குழிக்கே போகும்படி செய்தோம்.

என் மாமியாருக்கு வயது 78. மேல்பூச்சு பளபளத்தால் மழையில் வழுக்கும். ஆகவே வழுக்காமலிருக்கும் பொடியைக் கலக்கச் சொன்னோம். "மேடும் பள்ளமுமா இருந்தா கோலம் எங்கடீ போடறது?" என்று அவர் கேட்டது நியாயம்தானே? நிலைப்படிக்கு எதிரே நான்கு அடிச் சதுரம் மட்டும் அச்சில்லாமல் வழவழவென்று விட்டோம். மார்கழிக்கு அது போதும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேண்டாம்; தை, மாசி நல்லது. வெயிலில் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிட்டால் அச்சு பதியாது என்பதால் விடியற்காலையிலேயே வேலை தொடங்க வேண்டும். 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு விட்டால், விரிசல் கண்ட இடத்தில் ஓடாது. மறுநாளிலிருந்து ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்ப்பது நம் பொறுப்பு. நன்றாகக் காய்ந்த பிறகே மேல்பூச்சு.

இன்னொன்று: இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேல்பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கென மாதம் ஒரு சிறு தொகையைத் தனி டப்பாவில் போட்டு வாருங்கள். அந்தச் செலவு வரும்போது மளிகைக் கணக்கில் கை வைக்க வேண்டியிருக்காது.