வீக்டேஸ்ல ரூம்... சண்டேன்னா மலை! 'இன்டோர்' ஆட்களுக்கு மதுரை காட்டும் வழி

"நாள் பூரா அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கியேப்பா, செத்த வெளியில போயிட்டுத்தான் வாயேன்!"

கோச்சடை, காளவாசல் பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர், வாரத்துக்கு ஒருமுறையாவது அம்மாவிடம் இதைக் கேட்டிருப்பார்கள். வேலை முடிந்தால் கேம், ஆன்லைன் செஸ், வரலாற்று யூடியூப் வீடியோ, கோடிங், இல்லையென்றால் பாதியில் நிற்கும் ஒரு தடிமனான புத்தகம். இதெல்லாம் வீண் பொழுதுபோக்கு இல்லை. மூளைக்கு வேலை கொடுப்பவை, மனசுக்குப் பிடித்தவை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனதும், "இந்த வாரமும் ஒரு ஆளைக்கூடப் பார்க்கலையே" என்று ஒரு சின்ன உறுத்தல்.

இவர்களுக்கு வெளியே போகப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. 'வெளியே போய் என்ன பண்றது, யார்கிட்ட என்ன பேசுறது' என்பதுதான் பல நேரம் சிக்கல். இந்தச் சிக்கலுக்கு மதுரையிலேயே விடை இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

இது ஏன் சீரியஸான விஷயம்?

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை. வயதானவர்கள் மட்டுமல்ல, பதின்ம வயதினரும் இளைஞர்களும் இதில் அதிகம். உடம்பைப் பொறுத்தவரை, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. வேகமான நடையே இதற்குப் போதும்.

நட்பு விஷயத்தில் இன்னொரு கணக்கு உண்டு. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக மாற, இருவரும் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது என்றும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றும் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆபீஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதற்குப் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. விரும்பிச் செலவிடும் நேரம்தான் கணக்கு.

இதை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே குழுவோடு வாராவாரம் மூணு மணி நேரம் நடந்தால், 17 வாரத்தில் 50 மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் போனால், அதே 50 மணி நேரத்துக்கு ஒன்றரை வருஷம் ஆகிவிடும். 'ரெண்டு தடவை போனேன், யாரும் செட் ஆகல' என்று விட்டுவிடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஹாபியை விட வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள்!

'இத்தனை மணி நேரம் ரூம், இத்தனை மணி நேரம் வெளியே' என்று டைம்டேபிள் போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. பெரும்பாலும் ரெண்டாவது வாரமே அது படுத்துவிடும். காரணம், பிடித்ததை நிறுத்திவிட்டுப் பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொல்கிற ஏற்பாடு அது. ரூமில் இருக்கும் ஆர்வத்தையே வாசலைத் தாண்ட வைப்பதுதான் சுலபமான வழி.

இதற்கு நம்மிடம் நல்ல முன்னோடிகள் உண்டு. ஐராவதம் மகாதேவன் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஃபைல்களுக்கு நடுவே அவருக்கு இருந்த ஆர்வம், பழைய எழுத்துகளைப் படிப்பது. புத்தகத்தோடும் அச்சுப் பிரதியோடும் அவர் நிற்கவில்லை, குகை குகையாக ஏறிப் பார்த்தார். மதுரைக்கு அருகே மாங்குளம் மீனாட்சிபுரம் மலையில் உள்ள தமிழ் பிராமி கல்வெட்டுகளில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரை 1960-களில் அடையாளம் காட்டியவர் அவர். 2003-ல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், தமிழ் பிராமி ஆய்வில் இன்றும் அடிப்படை நூல்.

சு. தியடோர் பாஸ்கரன் இன்னொருவர். அஞ்சல் துறையில் உயர் அதிகாரி. ஒரு பக்கம், ஆவணங்களைத் தேடித் தேடித் தமிழ் சினிமா வரலாறு எழுதினார். மறுபக்கம், பறவைகளையும் காட்டுயிர்களையும் பார்க்கக் கிளம்பிவிடுவார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டையும் அவர் விடவில்லை.

ஞாயிறு காலை, ஒரு மலை

எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-ல் தொடங்கிய 'பசுமை நடை', மதுரையில் இந்த யோசனைக்குக் கிடைத்த நல்ல வடிவம். யானைமலைக்கு ஆபத்து வந்தபோது எழுந்த அக்கறையிலிருந்து பிறந்த அமைப்பு இது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாக நடந்து போவார்கள். வெ. வேதாசலம், சொ. சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் அந்த இடத்திலேயே நின்று கல்வெட்டையும் சிற்பத்தையும் விளக்கியிருக்கிறார்கள்.

கோச்சடைக்காரர்களுக்கு ரொம்பப் பக்கம், கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் கருப்பசாமி கோயில், தாமரைக் குளம், ஆலமரம். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து. ஸ்கிரீனில் ஜூம் பண்ணிப் பார்த்த எழுத்தை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நேரில் பார்ப்பது வேற லெவல் அனுபவம்.

இதில் ஒரு வசதி, புது ஆளிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்ற தயக்கமே வராது. "இந்த எழுத்து 'ம'வா, 'வ'வா?" என்று கேட்டாலே போதும். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுபவர்கள்கூட, இருவரும் சேர்ந்து ஒரே பாறையைப் பார்க்கும்போது சகஜமாகப் பேசிவிடுவார்கள்.

ஆப்பும் வேணும், ஆறும் வேணும்

'மலையெல்லாம் நமக்கு ஓவர்' என்பவர்களுக்குப் பறவை பார்த்தல் இருக்கிறது. டேட்டா பிரியர்களுக்கு அச்சு அசலான ஹாபி இது. 'இபேர்ட்' ஆப்பில் இடம், நேரம், எந்தப் பறவை, எத்தனை என்று பட்டியல் போட வேண்டும். 'மெர்லின்' ஆப் குரலைக் கேட்டே இது என்ன பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரே இடத்தில் 15 நிமிடம் பார்த்துப் பதிவு செய்தாலே ஒரு பட்டியல் ரெடி. கோச்சடையை ஒட்டி ஓடும் வைகைக் கரையில், கொக்கிலிருந்தும் மீன்கொத்தியிலிருந்தும் தொடங்கலாம்.

இதனால் ஊருக்கு என்ன லாபம்?

இங்கேதான் விஷயம் பெரிதாகிறது. மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. பரப்பளவு சுமார் 193 ஹெக்டேர். அங்கே தமிழ் பிராமி கல்வெட்டு இருக்கிறது, பாண்டியர் கால குடைவரைக் கோயில் இருக்கிறது, அரிய வல்லூறுகள் உட்பட 250 வகைப் பறவைகள் இருக்கின்றன என்பதெல்லாம் அந்த அறிவிப்புக்கு அடிப்படை.

2024 நவம்பரில், இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு வந்தது. ஊர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பெரும் பேரணி. ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இருப்பதை அந்த முடிவுக்கு ஒரு காரணமாகச் சொன்னது.

வென்றது மக்களின் போராட்டம்தான். ஆனால், 'இந்த மலையில் என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தயாராக இருந்ததும் உதவியது. அப்படிப்பட்ட பதில்கள் பைனாகுலரும் நோட்டுமாக அலையும் மனிதர்களின் பொறுமையில்தான் சேர்கின்றன.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

1. ஒரே ஒரு ஹாபியை எடுங்கள். வரலாறு என்றால் மலை, கேம் என்றால் ஷட்டில் கோர்ட், புத்தகம் என்றால் புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

2. ஒரே குழு, ஒரே நேரம். வாராவாரம் புதுக் கூட்டத்தைத் தேடினால் 50 மணி நேரக் கணக்கு ஒருநாளும் நிறையாது.

3. மதுரை வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆறு மணிக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்குள் டீக்கடைக்கு வந்துவிடுங்கள். பாதி நட்பு அந்த டீயில்தான்.

4. மலைக்குத் தனியாகப் போக வேண்டாம். யாரோடு, எங்கே போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

5. கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது, கூட்டுக்குப் பக்கத்தில் போய் ரீல்ஸ் எடுப்பது, இரண்டும் கூடவே கூடாது.

6. ரூம் நேரத்தை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். எடுத்த படங்களை வைத்துக்கொண்டு எழுத்தைப் படிப்பதும், பட்டியலைச் சரிபார்ப்பதும் வீட்டில்தானே நடக்கும்? தனியாக இருந்தால்தான் சிலருக்கு சார்ஜ் ஏறும், அதுவும் சரிதான்.

கடைசியாக ஒன்று. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் நடந்த அகழாய்வில் பகடைக்காய்களும் விளையாட்டுச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. உட்கார்ந்த இடத்தில் யோசித்து ஆடும் ஆட்கள் இந்த ஊரில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். ஆனால், எதிரே உட்கார்ந்து ஆட அவர்களுக்கு இன்னொரு ஆள் இருந்திருப்பார். அந்த ஆளைத் தேடித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.