சேற்றின் மேல் நடந்த கேமரா

கதை மூன்று வரிதான். பட்டணத்துக்காரியிடம் மயங்கிய ஒரு விவசாயி, அவள் பேச்சைக் கேட்டு மனைவியை ஏரியில் தள்ளிவிடப் படகேற்றிப் போகிறான். கடைசி நொடியில் மனம் வரவில்லை. மிரண்டு ஓடுகிறவளைத் துரத்திப்போய், நகரத்தில் ஒரே பகலில் அவள் மனதைத் திரும்பப் பெறுகிறான். (அங்கே பன்றிக்குட்டி குடித்துவிட்டு ஓடுவதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.) ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் ஹாலிவுட்டில் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக எடுத்த ‘சன்ரைஸ்’, 1927-ல் வந்தது. மௌனப்படம். சபலத்தை வசனமில்லாமல் காட்டியாக வேண்டும்.

இரவில் சதுப்பு நிலத்தில் அந்தப் பட்டணத்துக்காரியைத் தேடி அவன் போகிறான். கேமரா பின்னாலேயே போகிறது. அவன் வேலியைத் தாண்டியதும் அவனை விட்டுவிட்டுச் செடிகளை விலக்கிக்கொண்டு முன்னே நழுவுகிறது. நிலவொளியில் அவள் நிற்கிறாள். காலடிச் சத்தம் கேட்டாற்போல முகத்துக்குப் பவுடர் பூசுகிறாள். இதுவரை பார்த்தது அவன் கண்ணால் என்று நாம் நினைத்திருக்க, அவன் பக்கவாட்டிலிருந்து வந்து சேருகிறான்!

அந்தச் சதுப்பு நிலம் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். கேமராவை நகர்த்தத் தரையில் தண்டவாளம் போட்டால் படத்தில் தெரியும். ஆகவே கூரையில் போட்டார்கள். அதிலிருந்து தொங்கிய மேடையில் கேமராவும் அதை இயக்குபவரும். நாயகன் ஜார்ஜ் ஓ’பிரையனின் காலணியில் ஈயக் கட்டிகளை வைத்து நடக்கவிட்டார் முர்னாவ். அந்தப் பாரமான நடை நடிப்பு மட்டுமல்ல.

வீட்டில் அவன் தனியே உட்கார்ந்திருக்கும்போது, பட்டணத்துக்காரியின் உருவம் ஆவிபோல வந்து அணைக்கிறது. இது இரட்டைப் பதிவு. ஒருமுறை எடுத்த பிலிமைப் பின்னால் சுற்றி, கறுப்புத் திரைக்கு முன் அவளை நிறுத்தி, அதே பிலிமில் மறுபடி எடுப்பது. கறுப்பு பிலிமில் பதியாது. அவள் மட்டும் பதிவாள். மனைவியை மூழ்கடித்தால் என்ன என்று அவள் கேட்பதைத் திரையில் காட்டும் அட்டையில் எழுத்துகளே வழிந்து கீழே மூழ்குகின்றன.

ஒளிப்பதிவாளர்கள் சார்லஸ் ரோஷர், கார்ல் ஸ்ட்ரஸ் இருவருக்கும் ஒளிப்பதிவுக்கான முதல் ஆஸ்கர் கிடைத்தது.

படம் வெளியான இரண்டே வாரத்தில் ‘தி ஜாஸ் சிங்கர்’ என்ற படம் பேசவும் பாடவும் செய்தது. கேமராவின் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று அதைச் சத்தம் வெளியே வராத பெட்டியறைக்குள் அடைத்தார்கள். உள்ளே ஒளிப்பதிவாளர் வெந்துபோவார். கேமரா பழையபடி நடமாடச் சில வருடங்கள் பிடித்தன.