அம்மாவும்தான் அரிசி திங்குது, டாக்டர்!

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இரண்டு பெண் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வைத்தியசாலைக்குள் வந்தார் ஒரு தாய். பெரியவளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. சின்னவளுக்கு ஆறு. தாய்க்கு முப்பத்து மூன்று இருக்கலாம். நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே புகார் ஆரம்பமாகிவிட்டது.

"இவளைக் கொஞ்சம் என்னான்னு கேளுங்க டாக்டரம்மா. சாக்பீஸ் திங்கிறா! ஸ்கூல்ல இருந்து பையில போட்டுக்கிட்டு வந்து, ராத்திரி போர்வைக்குள்ள வச்சுக் கடிக்கிறா. அடிச்சுப் பார்த்துட்டேன், கொஞ்சிப் பார்த்துட்டேன், விளக்கெண்ணெய் கூடக் கொடுத்துட்டேன். படிப்புலயும் மந்தமாயிட்டா. உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேங்கறா. ஒரே சோம்பேறித்தனம்."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சின்னவளோ என் மேஜை மேல் இருந்த கல்வத்தை நோண்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னாள்.

"அம்மா மட்டும் அரிசி திங்குது? டப்பாவுக்குள்ள கைய விட்டு விட்டுத் திங்குது."

அந்தத் தாயின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "சும்மா இருடி" என்று சின்னவள் தொடையில் ஒரு கிள்ளு. பிறகு என்னைப் பார்த்து, "சும்மா ரெண்டு வாய் போடுவேன் டாக்டரம்மா, பழக்கம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் உதடும் ஈறும் வெளுத்திருந்தது என் கண்ணில் பட்டது.

இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்கிறீர்கள்? வெட்கப்படாமல் யோசித்துப் பாருங்கள். பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, சுவரில் உதிர்கிற சுண்ணாம்பு, மழை பெய்ததும் மண்வாசனை வந்தால் வாயில் எச்சில் ஊறுவது... இதெல்லாம் கெட்ட பழக்கம் என்று நினைத்துத்தான் குழந்தையை அடிக்கிறோம். பல சமயம் அது உடம்பு போடுகிற கூச்சல். இரும்புச்சத்து குறைந்து ரத்தம் வெளுத்துப்போனவர்களுக்கு இந்த மாதிரி இனம் தெரியாத ஆசை வருவதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. சித்த மருத்துவத்தில் இதற்கு வெளுப்பு நோய் என்று பெயர். பாண்டு என்றும் சொல்வோம். ஆசை எதனால் வருகிறது என்று பார்க்காமல் கையில் இருக்கிற சாக்பீஸை மட்டும் பிடுங்கினால், அடுத்த வாரம் விபூதி டப்பா காலியாகும்.

இரண்டு பேருடைய கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தேன். மகளுக்கு வெளிர் சிவப்பு. அம்மாவுக்கு, எழுதவே மனசு வரவில்லை, வெறும் வெள்ளை. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்பவே இல்லை. நாடி பிடித்தபோது ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தது. "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்றேன். "வாங்கும்தான். வயசாகுதுல்ல டாக்டரம்மா" என்றார். முப்பத்து மூன்று வயதில்!

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நோயாளிகளிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நேற்று காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் என்பேன். அந்தத் தாயிடமும் கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார்.

"காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். தண்ணி பிடிச்சு, பால் காய்ச்சி, பெரியவளுக்கு பூஸ்ட் போட்டுக் கொடுத்தேன், அவ பாதிதான் குடிச்சா. சின்னவளுக்கு ஏடு இருந்தா ஆகாது, வடிகட்டிக் கொடுத்தேன். ரெண்டு பேருக்கும் தலை பின்னி ரிப்பன் கட்டி விட்டேன். மூணு மூணு இட்லி. சின்னவ ஒண்ணரைதான் தின்னா. டிபன் பாக்ஸ்ல ஒருத்திக்கு லெமன் சாதம், ஒருத்திக்குத் தக்காளி சாதம், லெமன் சாதத்தைச் சின்னவ தொட மாட்டா. ஏழே முக்காலுக்கு வேன் வந்துரும்..."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. மகள்கள் எத்தனை வாய் சாப்பிட்டார்கள், எதை மிச்சம் வைத்தார்கள் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளை மாதிரி ஞாபகம். நான் குறுக்கிட்டேன். "நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?"

நின்றுவிட்டார். யோசித்தார். "டீ குடிச்சேன்." மறுபடி யோசித்தார். "சின்னவ வச்ச இட்லி ஒண்ணரை இருந்துச்சு, அதை நின்னுக்கிட்டே போட்டேன். பதினோரு மணிக்கு இன்னொரு டீ. மத்தியானம்... தனியா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது, ரசம் ஊத்தி ரெண்டு வாய். ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தது." அப்புறம் மெதுவாக, "நடுவுல அந்த அரிசி" என்றார்.

வாசகியரே, இது ஒரு வீட்டுக் கதை இல்லை. வசதி இல்லாத வீட்டில்தான் ரத்தசோகை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. படிப்பிலும் மருத்துவமனை வசதியிலும் முன்னால் நிற்கிற நம் தமிழ்நாட்டிலேயே நூற்றுக்கு 53 பேர். ஃபிரிட்ஜ் நிறையப் பழம் இருக்கிற வீட்டிலும் அம்மாவின் தட்டு கடைசியில்தான் விழுகிறது.

நாடியையும் இமையையும் பார்த்து நான் ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனால் அளவு தெரிய ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வயது வந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும்; 5 முதல் 11 வயதுக் குழந்தைக்கு 11.5. முடிவு வந்தது. மகளுக்கு 9.8. அம்மாவுக்கு 7.2!

இவ்வளவு குறைவு வெறும் சாப்பாட்டால் மட்டும் வராதே என்று எனக்குச் சந்தேகம். குழந்தைகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மாதவிலக்கு பற்றிக் கேட்டேன். ஒன்பது நாள், சில மாதம் பத்து நாள். முதல் மூன்று நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். சின்னவள் பிறந்த பிறகு இப்படித்தானாம். ஆறு வருஷம்! யாரிடமும் சொல்லவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

எல்லாருக்கும் அப்படி இருக்காது, அம்மா. ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, அது பரிசோதிக்க வேண்டிய விஷயம். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டு கோளாறாக இருக்கலாம், வேறும் இருக்கலாம். லேகியம் கொடுத்து அனுப்பியிருந்தால் நான் நல்ல வைத்தியர் இல்லை. அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் சின்ன நார்க்கட்டி தெரிந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை, போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள்.

"அதோட உங்க செந்தூரமும் சேர்த்துச் சாப்பிடட்டுமா டாக்டரம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் இருக்கிறது. எங்கள் அன்னபேதி செந்தூரம் இருக்கிறதே, அந்த அன்னபேதி வேறொன்றுமில்லை. இங்கிலீஷ் வைத்தியத்தில் ஃபெரஸ் சல்பேட் என்கிறார்களே, அதேதான். நாங்கள் எலுமிச்சம்பழச் சாற்றில் அரைத்துப் புடம் போட்டுச் செந்தூரமாக்குகிறோம். இரண்டு பக்கமும் இரும்பை வாங்கி விழுங்கினால் வயிறு தாங்காது. அம்மாவுக்கு அங்கே மருந்து, மகளுக்கு என்னிடம் மருந்து என்று பிரித்துக்கொண்டோம். மகளுக்கு முதலில் பூச்சிக்கு மருந்து. பிறகு செந்தூரம். அளவை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே நாட்டு மருந்துக் கடையில் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும்! நேரில் பார்த்து, வயசும் எடையும் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரை மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னக் குழந்தை நாலைந்தை எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுக்கிற மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிற பூச்சி மாத்திரையையும் "என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று தடுக்கிற படித்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தடுக்காதீர்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்துக் கட்டிய கதை. ராத்திரி இரண்டு பேரீச்சம்பழம் தின்றால் 7 கிராம் 12 ஆகிவிடாது. முருங்கைக்கீரை நல்லது, கரிசலாங்கண்ணி நல்லது, கம்பு, எள், உளுந்து, கொண்டைக்கடலை எல்லாம் நல்லது. ஆனால் செடி கொடியில் இருக்கிற இரும்பு நம் உடம்பில் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. ஒட்ட வைக்கப் புளிப்பு வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை ரசம், கம்பங்கூழோடு நெல்லிக்காய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொய்யா. இவ்வளவுதான் சூட்சுமம். கீரையைத் தின்றுவிட்டு மேலே ஒரு டம்ளர் டீ ஊற்றினால் தின்றது வீண். சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரமாவது டீ, காபி கூடாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் இருக்கின்றன. "சுவரொட்டி வாங்கி சுட்டுக் கொடு" என்று பாட்டிகள் சொன்னதில் தப்பே இல்லை. நன்றாக வேக வையுங்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: சுவரொட்டி ஒன்றுதான் கிடைக்கும், அது புருஷன் தட்டிலோ பிள்ளை தட்டிலோதான் போய் விழும்!

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. எனக்கும் இரண்டு பெண்கள். இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் சிறிசுகளாக இருந்தபோது, காலையில் வைத்தியசாலைக்கு ஓடுகிற அவசரத்தில் நானும் வெறும் காபியில்தான் மத்தியானம்வரை ஓட்டினேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் வெளுப்பு நோய்க்குப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான்! ஒருநாள் நான் பூ தொடுத்துக்கொண்டிருக்கும்போது என் மாமியார்தான் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கற. உன் நகத்தை என்னைக்காச்சும் பாத்தியா?" என்றார். பரிசோதித்தேன். 9.4. அன்றிலிருந்து காலையில் தட்டோடு உட்காராமல் வாசற்படி தாண்ட அவர் விட்டதில்லை.

அந்தத் தாய்க்கும் நான் புதிய சமையல் எதையும் சொல்லவில்லை. காலையில் மகள்களோடு சேர்ந்து உட்கார்ந்து, தனக்கென்று ஒரு தட்டு வைத்துச் சாப்பிட வேண்டும். வேன் வருவதற்குள் அதை முடிக்க வேண்டும். இதற்காக இரண்டு வகைச் சாதத்தை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். "சின்னவ தொட மாட்டாளே" என்றார். பசித்தால் தொடுவாள் என்றேன். தலை பின்னுகிற வேலையைப் பெரியவளே பழகிக்கொள்ளட்டும், கோணல்மாணலாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்றும் சொன்னேன். கணவரை அடுத்த முறை அழைத்து வரச் சொன்னேன். வந்தார். நல்ல மனிதர். "இவ சாப்பிடறாளா இல்லையான்னு நான் பார்த்ததே இல்லீங்க" என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பால் வாங்குவதும் தண்ணீர் பிடிப்பதும் இனி தன் பொறுப்பு என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. மகளுக்கு 11.6. சாக்பீஸ் நின்று ஒரு மாதமாகியிருந்தது. பரீட்சையில் மார்க் கூடவில்லை, ஆனால் சாயங்காலம் தெருவில் ஓடி விளையாடுகிறாளாம். அம்மாவுக்கு 10.7. போக்கு ஆறு நாளாகக் குறைந்திருந்தது. மாத்திரையை நிறுத்தட்டுமா என்று கேட்டார். 12 வந்த பிறகும் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட்டால்தான் உடம்பில் சேமிப்பு நிற்கும், மருத்துவமனையில் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்றேன்.

"அரிசி?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். கல்வம் அவள் கையில்தான் இருந்தது.

"அரிசி திங்கல டாக்டரம்மா. ஆனா நேத்து ரெண்டு முட்டை தின்னுச்சு. அதுல ஒண்ணு என்னோடது."