வாக்குச்சாவடியில் காட்டத்தக்க சான்று

வீரசோழன் வட்டாரத்தில் தணிக்கைக்குச் செல்லுங்கால் அங்கத்தினர் சிலர், "சங்க அட்டையைக் காட்டி ஓட்டுப் போடலாமா, ஐயா?" என நம்மை வினவுவதுண்டு. இயலாது. குடும்ப அட்டையும் ஏற்கப்படுவதில்லை. 2019 முதல் வாக்காளர் தகவல் சீட்டு மட்டும் காட்டினாலும் போதாது.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் புகைப்பட வாக்காளர் அட்டையே முதன்மையானது. அஃதில்லையேல் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படமுள்ள வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம் முதலிய, ஆணையம் அறிவித்த சான்றுகளுள் ஒன்று போதும்.

ஆயினும், பட்டியலில் பெயரின்றேல் எச்சான்றும் பயன்படாது. பிழைப்புக்கு வெளியூர் சென்று மீண்டோர் இதனை 1950 என்னும் தொலைபேசி எண்ணில் முன்னரே கேட்டறிந்து, பெயரில்லையேல் படிவம் 6 அளிப்பாராக.

பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே என்னும் கூட்டுறவு நெறியறிந்த நாம், தறியை நிறுத்தி வரிசையில் நின்றும் அவ்வொரு வாக்கை இழக்கலாமா?